நீர்வண்ண ஓவியத்தில் தூரிகையைக் கீழே வைக்கும் நேரம்

கேள்வியின் சாரம் இது: கேட்பவர் ஏறக்குறைய ஓராண்டாக நீர்வண்ணம் பழகி வருகிறார். முக்கால் பங்கு வேலை ஆகும்வரை படம் தெளிவாக இருக்கிறது. அதன் பிறகு ‘இன்னும் கொஞ்சம்’ என்று தொட்டுத் தொட்டுக் கடைசி அரை மணி நேரத்தில் அது மங்கிச் சேறாகிவிடுகிறது. ஓவியம் முடிந்துவிட்டதைக் காட்டும் அடையாளம் ஏதேனும் உண்டா, அதைக் காணக் கண்ணை எப்படிப் பழக்குவது என்று கேட்கிறார்.

அடையாளம் உண்டு. ஆனால் பெரும்பாலோர் அதைப் படத்தின் கடைசிக் கட்டத்தில் தேடுகிறார்கள். அது இருப்பதோ தொடக்கத்தில். எந்த ஒன்றைக் காட்டுவதற்காக இந்தப் படத்தைத் தீட்டுகிறோம் என்பது முதல் பூச்சுக்கு முன்பே முடிவாகியிருந்தால், அது தாளில் வந்து சேர்ந்த கணத்தில் வேலை முடிகிறது. அது முடிவாகாமல் தொடங்கிய படத்துக்கு முடிவே இல்லை. கை சலிக்கும்போதோ தாள் கெடும்போதோதான் அது நிற்கும். இதை வெறும் கருத்தாகச் சொல்லிவிட்டுப் போனால் பயனில்லை. நீர்வண்ணத்தில் இது ஏன் இவ்வளவு கடுமையான விதியாக இருக்கிறது என்பதற்குக் காரணம் தாளிலும் நிறமியிலுமே இருக்கிறது.

எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் குறைந்துவிட்டால் வெள்ளையைக் கலந்து மேலே வைத்துக்கொள்ளலாம். தவறைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடியும் தீட்டலாம். அங்கே திருத்தித் திருத்தியே ஒரு முடிவுக்கு வந்து சேர முடியும். நீர்வண்ணத்தில் வெளிச்சம் தாளிலிருந்து வருகிறது. மேலே விழும் ஒளி மெல்லிய வண்ணப் படலத்தின் ஊடாகச் சென்று, வெண்மையான தாளில் பட்டு, மீண்டும் அதே படலத்தின் வழியாக நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ஆகவே ஒவ்வொரு பூச்சும், அது எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும், திரும்பி வரும் ஒளியில் சிறிதளவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரே இடத்தில் இரண்டு, மூன்று பூச்சுகள் வரை நிறம் ஆழம் பெறும். அதற்கு மேல், குறிப்பாக எதிரெதிர் நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும்போது, ஆழம் நின்று மந்தம் தொடங்குகிறது. வெள்ளைக் குவாஷ் (ஒளிபுகாத நீர்வண்ணம்) இருக்கிறதே, 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் வெளியிட்ட சைனீஸ் ஒயிட் என்னும் துத்தநாக வெள்ளை இருக்கிறதே என்று கேட்கலாம். அவற்றால் மின்னும் ஒரு புள்ளியையோ கயிற்றின் ஓரத்தையோ மீட்கலாம். ஆனால் அந்த வெண்மை தாளின் வெண்மையைப் போல் உள்ளிருந்து ஒளிர்வதில்லை. பக்கத்தில் விடப்பட்ட வெறுந்தாளோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும்.

தாளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நல்ல நீர்வண்ணத் தாள் பருத்தி இழையால் ஆனது. பொதுவாக நாம் பயன்படுத்துவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளது. நீரை உடனே உறிஞ்சிவிடாமல் வண்ணம் மேற்பரப்பில் சற்று நேரம் தங்குவதற்காக அதற்கு ஜெலட்டின் போன்ற பசை ஊட்டப்பட்டிருக்கும். ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் நனைத்துத் தேய்க்கும்போது அந்தப் பசை கரைந்து போகிறது, இழைகள் எழுந்துகொள்கின்றன, அதன் பின் வைக்கும் வண்ணம் பரவாமல் ஒற்றுத்தாளில் மை ஊறுவதுபோல் ஊறிவிடுகிறது. தாளில் மெல்லிய பஞ்சுபோல் ஏதோ எழுவதையோ, பக்கத்தில் மென்மையாகப் பரவிய வண்ணம் இங்கே மட்டும் திட்டாக நிற்பதையோ கண்டால், அந்த இடம் இனி உங்களுக்கு உதவாது என்று பொருள். மரக்கூழால் ஆன மலிவான பயிற்சித் தாள்களில் இது இன்னும் சீக்கிரமாக நேரும். உங்கள் படங்கள் கடைசியில் கெடுவதற்கு உங்கள் கையைவிடத் தாளே காரணமாக இருக்கவும் கூடும். ஒரே ஒரு முறை பருத்தித் தாளில் அதே படத்தைத் தீட்டிப் பார்த்துவிட்டு உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளுங்கள்.

நிறமியைப் பற்றியும் ஒரு சொல். நீர்வண்ணத்தைத் தாளோடு பிணைப்பது அரபுப் பிசின். அது காய்ந்த பிறகும் நீர் பட்டால் மறுபடியும் கரையும். எனவே மேலே ஒரு பூச்சு வைக்கும்போது கீழே இருப்பதும் சற்றுக் கிளறப்படுகிறது. அல்ட்ராமரைன், கோபால்ட் நீலம், மண் நிறங்கள் ஆகியவை எளிதில் எழும்பிவிடும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் இழைக்குள் ஏறிக் கறையாக நின்றுவிடும். அல்ட்ராமரைன் வானத்தின் மீது ஐந்தாவது முறையாகத் தூரிகையை ஓட்டுகிறவர் வானத்தைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் அதைக் கலக்கிக்கொண்டிருக்கிறார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஈரமாக இருக்கும்போது எடுக்கும் தீர்ப்பு பிழையாவதற்கு ஒரு காரணம் உண்டு. நீர்வண்ணம் காயும்போது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிறும், செறிவும் குறையும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த நிழல் காய்ந்த பின் பலவீனமாகத் தெரிகிறது, உடனே மேலே இன்னொன்று பூசுகிறோம், அதுவும் வெளிறுகிறது, மூன்றாவது பூச்சில் சேறு. இதற்கு மருந்து, முதல் பூச்சையே நீங்கள் துணியும் அளவைவிட ஒருபடி அடர்த்தியாக வைப்பதுதான். பழகுகிறவர்களிடம் நான் அடிக்கடி காண்பது மிகையான வண்ணமன்று, தொடக்கத்தில் அச்சத்தோடு வைக்கப்பட்ட வெளிறிய வண்ணம். பிற்பாடு நேரும் மிகைவேலை அந்த அச்சத்துக்குச் செலுத்தும் வட்டி.

ஆனால் படங்கள் மிக அதிகமாகக் கெடுவது இந்தக் கணக்குப் பிழையால்கூட இல்லை. பூச்சு பளபளப்பை இழந்து, இன்னும் முழுதாகக் காயாமல் இருக்கும் சில நிமிடங்கள் இருக்கின்றனவே, அந்தச் சில நிமிடங்களில்தான். தாளில் நீர் மின்னும்போது சேர்க்கும் வண்ணம் இயல்பாகக் கலந்துவிடும். முழுதாகக் காய்ந்த பின் வைக்கும் வண்ணம் தெளிவான விளிம்போடு நிற்கும். இடைப்பட்ட நிலையில் நீர் மிகுந்த தூரிகை பட்டால், அந்த நீர் அரைகுறையாக உலர்ந்த நிறமியை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய், ஓவியர்கள் காலிஃபிளவர் என்று அழைக்கும் சுருள் கறையை விட்டுச் செல்லும். அதைச் சரிசெய்யப் போய் அடுத்த கறை, அதை மறைக்கப் போய் முழுப் பரப்பும். புறங்கையைத் தாளின் மீது மெல்ல வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சி நீங்கும்வரை தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவது நல்லது. சும்மா இருப்பது என்பது நீர்வண்ணத்தில் ஒரு தனித் திறமை. அதையும் தூரிகை ஓட்டத்தைப் போலப் பழகித்தான் பெற வேண்டும்.

இனி, முடிவை அறிவதற்கு வருவோம். படத்தைத் தொடங்குவதற்கு முன் தீப்பெட்டி அளவில் ஒரு பென்சில் வரைவு செய்யுங்கள். அதில் மூன்று டோன், அதாவது வெளிச்சம் இருளின் மூன்று படிகள், மட்டும் இருக்கட்டும்: வெறுந்தாளாக விடப்போகும் வெளிச்சம், நடுத்தரச் சாம்பல், இருள். எங்கே மிகுந்த வெளிச்சமும் மிகுந்த இருளும் அடுத்தடுத்து வருகின்றனவோ அங்கேதான் பார்ப்பவரின் கண் போய் நிற்கும். அந்த இடம் எது என்பதை அம்புக்குறியிட்டுக் காட்டிவிடுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: “ஈரச் சுவரில் விழும் மாலை வெளிச்சம்” என்பது போல. சுவரில் எத்தனை விரிசல்கள், கதவில் எத்தனை பலகைகள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ஆகவே அவை இல்லாததால் படம் முடியாமல் இருக்கப் போவதில்லை. பெரிய தாளில் அந்த மூன்று டோன்களும் உரிய இடத்தில் அமைந்து, சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால், வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், ‘ஏதோ ஒன்று குறைகிறது’ என்னும் உணர்வு எப்போதும் பொய்யாக இருப்பதில்லை என்பதுதான். அந்த உணர்வை நம்ப வேண்டும். ஆனால் அது எதைக் குறைவு என்கிறது என்பதை நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். குறைவது அநேகமாக நுணுக்கமாக இருப்பதில்லை, இருளாக இருக்கும். படத்தின் மையத்தில் வைக்க வேண்டிய ஆழமான நிழல் ஒன்றை வைக்கத் துணியாமல், அதற்கு ஈடாக இலை இலையாக, செங்கல் செங்கலாக முப்பது சிறு தொடுதல்களை வைக்கிறோம். முப்பதும் சேர்ந்து அந்த ஒரு நிழலின் வேலையைச் செய்வதில்லை; மாறாக, விடப்பட்டிருந்த வெளிச்சத்தையும் தின்றுவிடுகின்றன. எனவே குறை தெரியும்போது முதலில் கண்களைச் சுருக்கிப் பாருங்கள். சுருக்கிய கண்ணில் நுணுக்கம் மறைந்து டோன் மட்டும் நிற்கும். கைபேசியில் படமெடுத்து நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையாகப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்யும். முழுப் படமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இன்னும் முடியவில்லை. ஆனால் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு இருண்ட பூச்சுகள் மட்டுமே. சிறு வரைவில் இருந்த வடிவம் கருப்பு வெள்ளையிலும் தெரிந்தால், குறை என்று தோன்றுவது பெரும்பாலும் கையின் ஆசை.

அந்த இருண்ட பூச்சை வைக்கும் முன் தாளைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. படம் நன்றாகக் காய்ந்த பின் அதன் மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, நீர் அதிகம் சேர்க்காத அடர்த்தியான வண்ணத்தை அதன் மீது வைத்துப் பாருங்கள். அல்லது வேறு தாளில் அந்த நிறத்தைப் பூசிக் கத்தரித்து உரிய இடத்தில் வைத்துப் பாருங்கள். துண்டை வைத்தும் எடுத்தும் பார்க்கும்போது, படத்துக்கு அது வேண்டுமா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். இந்தச் சின்னத் தந்திரம் என்னைக் காப்பாற்றிய அளவுக்கு வேறெதுவும் காப்பாற்றியதில்லை. துண்டை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்ட படங்களே என்னிடம் அதிகம்.

இன்னொரு சோதனை சொல்லால் ஆனது. அடுத்த தொடுதல் என்ன வேலை செய்யப் போகிறது என்பதை வாய்விட்டு ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். “கூரையின் விளிம்பு வானத்திலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், ஆகவே அதன் அடியில் ஒரு நீல நிழல்” என்று சொல்ல முடிந்தால் வையுங்கள். “இங்கே கொஞ்சம் சரிசெய்யலாம்”, “இந்த இடம் வெறுமையாக இருக்கிறது” என்பவை வேலைகள் ஆகா. வெறுமை ஒரு குறையா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி; பார்ப்பவரின் கண் தங்கி ஓய்வதற்கு அந்த இடம் தேவைப்படலாம். வேலையின் பெயர் தெரியாமல் தூரிகை வண்ணத்தட்டுக்குப் போகிறதென்றால், படம் முடிந்து சிறிது நேரம் ஆகிவிட்டது.

விளிம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் செய்யத் தகுந்த வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எல்லா விளிம்புகளும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும் படம், எவ்வளவு முழுமையாக இருந்தாலும், துண்டுகளை ஒட்டியதுபோல் தோன்றும். ஈரமாக்கிப் பிழிந்த தூரிகையால் முக்கியமற்ற ஒரு விளிம்பை மெல்லத் தடவிக் கரைத்து, தாளாலோ துணியாலோ ஒற்றி எடுத்தால், மையம் தானாகவே முன்னால் வரும். இங்கே எதையும் சேர்க்கவில்லை, எடுத்திருக்கிறோம். படம் அதனால் முடிவை நெருங்குகிறது.

முடிந்தது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு இல்லை என்பதற்குப் பழைய ஓவியங்களே சான்று. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503-இல் தீட்டிய ‘புல்தரைத் துண்டு’ என்னும் ஓவியத்தில் ஒவ்வொரு புல்லிதழும் தண்டும் தனித்தனியாக நிற்கிறது. ஒளிபுகா வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டு அவர் அவ்வளவு தூரம் போனார், ஏனெனில் அவர் காட்ட விரும்பியதே அந்த ஒவ்வொரு புல்லிதழையும்தான். ஆங்கில ஓவியர் தாமஸ் கர்டின் 1800-இல் தீட்டிய ‘செல்சி வெள்ளை வீடு’ என்னும் ஓவியத்தில், தேம்ஸ் கரையில் அந்தி மங்கும் பரப்பின் நடுவே ஒளிரும் அந்தச் சிறு வீடு, வண்ணம் பூசாமல் விடப்பட்ட தாள். அங்கே ஒரு சன்னலை வரைந்திருந்தால் படம் போயிருக்கும். பிரெஞ்சு ஓவியர் செசான் 1906-இல் மறைவதற்கு முந்தைய ஆண்டுகளில் தீட்டிய சாந்த் விக்துவார் மலை நீர்வண்ணங்களில் பெரும்பகுதி வெறுந்தாளாகவே இருக்கிறது; சில நீல, பச்சைத் திட்டுகளுக்கு இடையே மலை நிற்கிறது. ஆங்கில ஓவியர் டர்னரிடம் நிலைமை இன்னும் சிக்கலானது. அவர் 1851-இல் இறந்தபோது விட்டுச் சென்றவற்றில் வெறும் வண்ணப் பட்டைகளாக நிற்கும் ஏராளமான நீர்வண்ணத் தாள்கள் இருந்தன. அவர் அவற்றைக் காட்சிக்கு வைத்ததில்லை, ஆய்வாளர்கள் அவற்றை ‘வண்ணத் தொடக்கங்கள்’ என்று அழைக்கிறார்கள். இன்று அவற்றின் முன் நின்று இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் டர்னரின் நோக்கம் வேறாக இருந்தது. விற்பனைக்கும் காட்சிக்கும் சென்ற தாள்களில் அவர் சுரண்டியும் ஒற்றியெடுத்தும் நுண்தூரிகையால் புள்ளியிட்டும் நெடுந்தொலைவு போயிருக்கிறார். ஆகவே ‘குறைவாகச் செய்தால் நல்லது’ என்று பொதுவிதியாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. டியூரரின் புல் பாதியில் நின்றிருந்தால் அது முடியாத படம்தான்.

பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது இது. எளிய பொருள் ஒன்றை எடுத்து, அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிய மூன்று தாள்களில் தீட்டுங்கள். முதலாவதை, இது நிச்சயமாகப் போதாது என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டாவதை உங்களுக்குச் சரி என்று படும் இடத்தில் நிறுத்துங்கள். மூன்றாவதை வேண்டுமென்றே கெடும்வரை தொடருங்கள். எந்தத் தொடுதலில் உயிர் போயிற்று என்பதை நேரடியாகக் காண்பதற்கு வேறு வழியில்லை, கெடுக்கவே தொடங்கிய தாள் என்பதால் மனமும் பதறாது. மூன்றையும் சுவரோரம் சாய்த்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எப்போதும் இரண்டு படங்களை ஒன்றாகத் தொடங்குவதும் நல்லது. ஒன்று காயும்போது கை மற்றொன்றுக்குப் போய்விடும், சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி. நுண்தூரிகையைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கையிலுள்ள மிகப் பெரிய தூரிகையால் முடிந்தவரை போவதும் அப்படித்தான். நின்று தீட்டுங்கள், அடிக்கடி நான்கு எட்டுப் பின்னால் போங்கள், படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் கண்ணாடியிலும் பாருங்கள். வெள்ளை அட்டையில் வெட்டிய சட்டம் ஒன்றை எப்போதும் அருகில் வைத்திருங்கள். தாளின் ஓரத்துக் கறைகளையும் நாடாவையும் அது மறைத்தவுடன், முடியாததாகத் தோன்றிய படம் பல நேரம் முடிந்ததாகத் தெரியும்.

எல்லை தாண்டிவிட்ட படத்துக்கும் சில வழிகள் இருக்கின்றன, ஆனால் அதிகம் நம்ப வேண்டாம். அதே சட்டத்தை நகர்த்திப் பார்த்தால் கெட்ட படத்துக்குள் ஒரு சிறு நல்ல படம் அகப்படக்கூடும், வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். நன்கு காய்ந்த தாளில் கத்தி முனையால் சுரண்டி மின்னும் ஒரு சிறு புள்ளியை மீட்கலாம். பருத்தித் தாளாக இருந்தால் முழுவதையும் குழாயடியில் காட்டி மென்மையான தூரிகையால் கழுவிவிடலாம். கறை நிறமிகள் போக மிஞ்சும் மங்கிய சாயல், சில நேரம் புதிய படத்துக்கு நல்ல முதல் பூச்சாக அமையும்.

கடைசியாக ஒரு பழக்கம். தீட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைக் கைபேசியில் எடுத்து வையுங்கள். அப்போது அவற்றைப் பார்க்க வேண்டாம். வேலை முடிந்த மறுநாள் வரிசையாகப் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதைக் குறித்துத் தேதியிட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்க்காமல் அதே வரிசையில் மீண்டும் ஒருமுறை குறியுங்கள். என் அனுபவத்தில் இரண்டு குறிகளும் ஒரே படத்தில் விழுவது அரிது; இரண்டாவது குறி ஓரிரு படங்களுக்கு முன்னதாகவே விழுகிறது.